வேலிக்கு உள்ளே பூஜ்யம்

பதினோராவது கயிற்றின் கடைசி முனைக்கு வந்ததும் டெல்வின் ப்ரோடி முட்டிபோட்டபடியே உறைந்துபோனாள். கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடுகிற எண்ணும் கருவி அவள் கையில் இருந்தது. காலையில் பூஜ்யத்தில் வைத்தது, பூஜ்யத்திலேயே இருந்தது. அதைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தாள். கருவி கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று அந்த நிமிஷம் மனதார ஆசைப்பட்டாள்.

“வைமரி! உன் கயிறு என்ன ஆச்சு?”

இயற்கைவளத் துறையிலிருந்து வந்திருந்த வைமரி, முப்பது வயதுப் பெண், பத்தடி தள்ளி முழங்கால் உயரப் புல்லுக்குள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய தொப்பி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“ஒண்ணும் இல்ல டெல்வின்.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல. ரெண்டு சிலந்தி இருக்கு, வேணுமா?”

வேறு நாளாக இருந்தால் டெல்வின் இதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று கருவியை இன்னொரு முறை குலுக்கினாள்.

போன நவம்பரில் ஏழு. அதற்கு முந்தின நவம்பரில் முப்பத்தொன்று. முதல் வருஷம் இருநூற்றுப் பதினான்கு. இந்த எண்கள் எங்கள் ஊர் டோக்கர்ஸ் க்ரீக்கில் பிறந்த குழந்தைக்குக்கூட மனப்பாடம். வருஷாவருஷம் எண்ணி முடித்ததும் டெல்வின் ஊர்க் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிடுவாள், ஆடு மேய்க்கும் நாய்களின் போட்டித் தேதிக்கும் செத்தவர்கள் அறிவிப்புக்கும் நடுவில். நாங்கள் கேலி செய்வோம், ஆனால் படிப்போம். அந்தப் பலகையில் பூஜ்யம் என்று ஒருநாள் எழுத வேண்டிவரும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. அவளும் நினைத்ததில்லை, பாவம்.

அவள் எண்ணிவந்த கல்தத்தி ஓர் அந்துப்பூச்சி. அரிசிமணி நீளம்கூட இராது. கல்லின் நிறம். இறக்கை என்று பேருக்கு இரண்டு துணுக்கு முதுகில் ஒட்டியிருக்கும், பறக்க உதவாது. வெயில் சுள்ளென்று அடித்தால் கல்லுக்குக் கல் தத்தும். மேகம் மறைத்தால் அந்த இடத்திலேயே கல்லோடு கல்லாகிவிடும், மூக்கை வைத்துத் தேடினாலும் அகப்படாது. அதனால்தான் நவம்பர் மாதம், மேகமில்லாத நாள், நண்பகல் வெயில் என்று பார்த்து எண்ணுவது. கயிறு கட்டி, அதன் ஓரமாக முட்டிபோட்டு ஊர்ந்து, தொப்பியால் லேசாக விசிறிக்கொண்டே போனால் பூச்சி எழும்பித் தத்தும், அமுக்க வேண்டியதுதான். அன்றைக்கு வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. சாக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை.

டெல்வினைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. கம்பளிக் கொட்டகையில் ரோமம் கத்தரிக்க வருகிற கும்பலுக்குச் சமைத்துப் போட்டவளின் மகள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தாயோடு ஆட்டுக்கறி நறுக்கப் போனவள். சாலை போடும் காலின் என்பவனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஐம்பது வயதில் மாரடைப்பில் போய்விட்டான். பையன்கள் இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலை. அவளுக்கு மிஞ்சியது பள்ளிக்கூடப் பஸ். முப்பத்திரண்டு வருஷமாக அதை ஓட்டுகிறாள், இப்போது வயது அறுபத்து மூன்று. பஸ்ஸில் எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும், எந்தப் பிள்ளை பொய் சொல்லும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஊருக்கு வெளியே சரளைவெளியில் பஸ் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. ஆறும் காற்றும் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல், நடுநடுவே தரையோடு தரையாகப் படர்ந்த வெள்ளிப் பாய்ச்செடி, அவ்வளவுதான் அங்கே இருப்பது. எஞ்சின் ஆறட்டும் என்று கல்லில் உட்கார்ந்து டீ ஊற்றியபோது முழங்காலில் ஏதோ தத்தியது. தெள்ளுப்பூச்சி என்று நினைத்து அடிக்கக் கை ஓங்கியவள், அதற்கு இறக்கை மாதிரி ஏதோ இருப்பதைப் பார்த்துக் கையை நிறுத்தினாள். மாத்திரைக் குப்பியில் பிடித்துப்போட்டு அருங்காட்சியகத்துக்குத் தபாலில் அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து மூன்று பக்கக் கடிதம் வந்தது. இது இதுவரை யாரும் பார்க்காத பூச்சி, நியூசிலாந்தில், ஆகவே உலகத்தில், உங்கள் ஊர்ச் சரளைவெளியைத் தவிர வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. அவளுக்கு வாழ்நாளில் யாரும் அரைப்பக்கத்துக்கு மேல் எழுதியதில்லை, புருஷன் உட்பட. பஸ்ஸை ஓரங்கட்டி, பிள்ளைகளுக்கு மூன்று பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் பூச்சி டெல்வின் ஆனாள்.

சரி, உலகத்தில் வேறெங்கும் இல்லாத பூச்சி நம்மிடம் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும். எங்கள் நாட்டில் எதைக் காப்பாற்ற வேண்டுமானாலும் முதலில் வேலி போடுவோம். அது என்ன சாப்பிடும், எப்படித் தூங்கும் என்பதையெல்லாம் பிறகுதான் கேட்போம். வெளியிலிருந்து கொண்டுவந்த மிருகங்கள்தான் இங்கே பறவையையும் பூச்சியையும் தின்று தீர்த்தன, அதனால் வேலி என்றால் எங்களுக்கு ஒரு புனிதம். டெல்வினும் ஐந்து ஏக்கருக்கு வேலி கேட்டாள். ஆனால் அந்தச் சரளைவெளி லாக்கி டன்பாரின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு ஆடு மேய்த்த இடம்.

ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு தட்டில் தின்பண்டம் கொண்டுவந்திருந்தோம். டெல்வின் மேசைமேல் ஒரு பாய்ச்செடியைப் போட்டாள். நடுவில் ஆட்டுக் குளம்பின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

“இதுக்கு அடியிலதான் அதோட புழு வளருது. உன் ஆடு மிதிச்சே கொல்லுது. தெரிஞ்சும் மேய்க்கிற பாரு, நீ ஒரு கொலைகாரன் லாக்கி!”

லாக்கி குடித்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்தான், தொப்பியை எடுத்தான், வெளியே போய்விட்டான். அவன் பெண்டாட்டி ஐலா, டெல்வினோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவள், தான் கொண்டுவந்த சீஸ் ரோல் தட்டைக்கூட எடுக்காமல் புருஷன் பின்னால் ஓடினாள். வேலி கிடைத்தது. பேச்சு நின்றது.

ஐம்பத்து மூன்று பேர் இருக்கிற ஊரில் ஒரு குடும்பத்தோடு பத்தொன்பது வருஷம் பேசாமல் இருப்பது சாமானிய வேலை இல்லை. அவள் கடைக்குள் இருந்தால் அவன் வண்டியிலேயே காத்திருப்பான். இங்கே எதிரே வண்டி வந்தால் வணக்கம் சொல்ல ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவோம். முன்பின் தெரியாதவனுக்கும் காட்டுவோம். அவர்கள் இருவரும் மட்டும் பத்து விரலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடந்து போவார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஐலா புற்றுநோயில் செத்தபோது டெல்வின் தேவாலயத்துக்குள் வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம், யாரும் போய்க் கூப்பிடவில்லை, எங்களைச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. நூற்றெண்பது. நூற்றுப் பத்து. முதலில் முயல் என்றாள், முயல்வலை அடித்தோம். பிறகு முள்ளெலி என்றாள், பொறி வைத்தோம். பிறகு வேலிக்கு வெளியே மேய்கிற லாக்கியின் ஆடுகள் கிளப்புகிற தூசி என்றாள், மின்வேலி வந்தது, அதற்கு வெளியே இன்னொரு சுற்று வேலி வந்தது. கடைசியில் சரளைவெளி நானூறு ஏக்கரையும் அடைத்து ஆட்டை அடியோடு விரட்ட வேண்டும் என்று வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அதிலும் ஜெயித்தாள். வியாழக்கிழமைக்குள் லாக்கி தன் ஆடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று இயற்கைவளத் துறையின் உத்தரவு. அவள் அதைக் கொண்டாட லாமிங்டன் கேக் செய்து கொடுத்தாள், நாங்களும் வெட்கமில்லாமல் தின்றோம்.

பூஜ்யம் வந்தது அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை.

“முதல் கயிறுலேர்ந்து திரும்ப எண்ணுவோம்,” என்றாள் டெல்வின். குரல் கம்மியிருந்தது.

“டெல்வின், வெயில் நல்லாத்தான் இருக்கு. நாம நிதானமாத்தான் பாத்தோம்.”

“எண்ணுவோம்னு சொல்றேன்ல!”

அந்த நேரம் பார்த்து வடமேற்குக் காற்று ஒரு வீச்சு வீசியது. எங்கள் ஊர்க் காற்றுக்கு அறிவே கிடையாது. கொடியில் காயும் துணியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும். வைமரியின் தொப்பி பறந்து, உள்வேலி தாண்டி, வெளிவேலி தாண்டி, லாக்கியின் பக்கம் ஆடுகள் ராத்தங்கும் மேட்டில் போய் விழுந்தது. அவள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மின்வேலியை அணைத்துவிட்டு, இரண்டையும் ஏறிக் குதித்து ஓடினாள்.

அந்த மேடு பார்க்கவே கண்றாவியாக இருக்கும். எங்கு பார்த்தாலும் ஆட்டுப் புழுக்கை. புல் என்று ஒன்று தலைதூக்கவே முடியாது, தூக்கினால் ஆட்டு வாய் தயாராக இருக்கும். கல்லும், கல்லை ஒட்டி நசுங்கிக் கிடக்கிற பாய்ச்செடியும்தான். வைமரி குனிந்து தொப்பியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு மெல்ல முட்டிபோட்டாள்.

“டெல்வின்.”

“என்ன?”

“இங்க வா.”

“அது அவன் எடம். நான் வரமாட்டேன்.”

“வான்னு சொல்றேன்!” வைமரியின் குரல் உடைந்து கிறீச்சிட்டது. “ஓடி வராத. காலப் பாத்து வை.”

டெல்வின் பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக வேலி தாண்டி லாக்கியின் பக்கம் கால் வைத்தாள். வைமரி தொப்பியால் ஒரு விசிறு விசிறினாள். புழுக்கைகளுக்கு நடுவிலிருந்து ஒரு துளிச் சாம்பல் எழும்பித் தத்தியது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மூன்று. டெல்வினின் கை தன்னையறியாமல் கருவியை அமுக்கிக்கொண்டே போனது. கதவகலத் தரையில் பதினாறு.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். “இருக்குடி! உயிரோட இருக்குடி!” என்று வைமரியைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவள் கண் அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாகத் தன் வேலிக்குள் போனது. அங்கே காற்றில் புல் அலையலையாக ஆடியது. அழகான பச்சைப் புல், ஒரு கல்கூட வெளியே தெரியவில்லை.

“காத்து அடிச்சுக்கிட்டு வந்து இங்க போட்டிருக்கும்,” என்றாள்.

வைமரி ஒரு பாய்ச்செடியின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“அப்படித்தானே? உன் தொப்பி வரலியா?”

“டெல்வின், புழு இந்தப் பாய்ச்செடியத்தான் தின்னும். பாய்ச்செடிக்கு வெயில் வேணும், வெறுங்கல்லு வேணும். உள்ள புல்லு அத மூடிக் கொன்னுடுச்சு. இங்க...” அவள் எச்சில் விழுங்கினாள். “இங்க ஆடு புல்ல வளரவிடல.”

“மிதிக்குமே ஆடு!”

“மிதிக்குது. மிதிச்சதுல கொஞ்சம் சாகுது. புல்லுல எல்லாமே செத்துப்போச்சு.”

“அப்போ வேலி?”

“நாங்க சொல்லியிருக்கணும். எங்க ஆபீசுல யாருமே வெளிய வந்து எண்ணணும்னு நெனைக்கல. நீ உள்ள எண்ணி அனுப்புவே, நாங்க ஃபைல்ல வெப்போம்.”

“நான் கேட்டது அது இல்ல. வேலிதானா? வாயத் தொறந்து சொல்லு.”

“வேலிதான்.”

டெல்வினின் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் ஊரில் உறைபனியில் வழுக்கிய சாலையில் பதினைந்து பிள்ளைகளோடு பஸ்ஸை நிறுத்தியவள் அவள். அன்றுகூட அவள் பதறவில்லையாம். இப்போது பதறினாள். இருநூற்றுப் பதினான்கை ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு கம்பியாகச் சுற்றிச் சுற்றி அவளேதான் முடித்திருக்கிறாள். ஆடு தின்னாத புல்லுக்குக் கம்பி கட்டிக் காவல் இருந்திருக்கிறாள். தாங்குமா சொல்லுங்கள்!

அதைவிடப் பெரிய இடி அடுத்த நொடியில் விழுந்தது. அவள் வைமரியின் கையைப் பிடித்தாள்.

“ஆடு வியாழக்கிழமை போயிடும். நான்தானே போகச் சொன்னேன். போனா இங்கயும் புல்லு வருமா?”

“இந்த மழைக்கு ஒரே வருஷம் போதும். வேற எங்கயும் இது கிடையாது டெல்வின். இந்த மேடு போச்சுன்னா அவ்ளோதான்.”

அதற்குள் டெல்வின் பஸ்ஸை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தாள்.

லாக்கியின் ஆட்டுப்பட்டிக்கு மூன்று மைல். அந்த மூன்று மைலும் அவள் வாய் ஓயவில்லை. “என்ன சொல்லிக் கேப்பேன்? எந்த முகத்த வெச்சுக்கிட்டுப் போவேன்?” என்று கேட்டுக்கொண்டே வேகத்தை மிதித்தாள். வைமரி இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

பட்டிக் கதவுகள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. லாக்கி, எலும்பும் தோலுமான நெட்டை உருவம், லாரியில் ஆடு ஏற்றும் சரிவுப் பலகையைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பஸ் தன் முற்றத்தில் வந்து நிற்பதைப் பார்த்தும் குழாயை நிறுத்தவில்லை.

“வழி தவறிட்டியா?” என்றான். பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

“லாரி எப்போ வருது லாக்கி?”

“எந்த லாரி?”

“ஆட்டு லாரி!”

“அதுவா? நேத்தே வந்துட்டுப் போயிடுச்சே. நானூத்தி இருபது உருப்படி. வியாழக்கிழமை வரைக்கும் எதுக்கு உன் வயித்தெரிச்சல வாங்கிக்கணும்னு முன்னாடியே அனுப்பிட்டேன். திருப்தியா?”

டெல்வின் காலிப் பட்டிகளைப் பார்த்தாள். “திரும்பக் கொண்டு வர முடியாதா?”

இப்போது அவன் குழாயை மூடினான். “கறிக்குப் போனது எப்படிம்மா திரும்பி வரும்? உனக்கு என்ன ஆச்சு, வெயில்ல ரொம்ப நேரம் தவழ்ந்தியா?”

“உள்ள ஒண்ணுகூட இல்ல லாக்கி.” அவளுக்கு மூச்சிரைத்தது. “பூஜ்யம். உன் பக்கம், ஆடு படுக்கிற மேட்டுலதான் எல்லாம் இருக்கு. உன் ஆடுதான் காப்பாத்தியிருக்கு.”

அவன் ஆச்சரியப்படுவான், கத்துவான், கைகொட்டிச் சிரிப்பான் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் அவள் நின்றாள். அவன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“தெரியும்,” என்றான்.

“என்னது?”

“ஆறு வருஷமாத் தெரியும். ஐலாதான் கண்டுபிடிச்சா. நொண்டி ஆடு ஒண்ணத் தூக்கப் போனவ, மேட்டுல தத்துறதப் பாத்துட்டு வந்து சொன்னா.”

“தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தே? தெரிஞ்சுக்கிட்டா என்னைய இப்படி...” அவள் அவன் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டாள். வைமரி நடுவில் புகுந்தாள்.

லாக்கி நகரவில்லை. “சும்மா இருந்தோமா? உன் வீட்டு வாசலுக்கு வந்தாளே அவ! ஜூலை மாசம், தரையெல்லாம் உறைபனி. எங்கிட்டகூடச் சொல்லாம நடந்து வந்தா. உள்ள புல்லு வளந்துடுச்சு டெல்வின், வெளியதான் பூச்சி இருக்கு, வந்து பாருன்னு சொல்ல வந்தா. நீ என்ன கேட்டே?”

டெல்வினுக்குத் தெரியும். அந்தக் காலை அவள் கண் முன்னால் அப்படியே வந்து நின்றது. ஐலா நீலக் கம்பளித் தொப்பியில், மூக்கு சிவந்து, படியில் நின்றாள். ‘டெல்வின், உன் வேலி விஷயமா ஒண்ணு...’ என்று ஆரம்பித்தாள்.

“கேளு, நீயே சொல்லு, என்ன கேட்டே?”

“உன் புருஷன் அனுப்பினானான்னு கேட்டேன்.”

“கேட்டுட்டு?”

“கதவச் சாத்திட்டேன்.”

“பாதிப் பேச்சுல சாத்தினே. அவ வீட்டுக்கு வந்து அழுதா. அடுத்த வருஷமே படுக்கையில விழுந்தா. அப்புறம் உத்தரவு போட்ட கூட்டத்துல நான் எழுந்து சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஆட்டுக்காரன் ஆட்டுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றான்னு நீதான் முதல்ல கத்தியிருப்பே. ஐலா சொன்னதையே காதுல வாங்காதவ, நான் சொன்னா வாங்கிடுவியா?”

டெல்வின் ஈரச் சிமெண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. அவள் உயிர்த்தோழி, அவள் அவமானப்படுத்திய தோழி, உறைபனியில் நடந்து வந்து அவள் பூச்சியைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். டெல்வின் அந்த முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறாள். இதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? கேட்கவேண்டியவள் நான்கு வருஷமாக மண்ணுக்குள் இருக்கிறாள்.

“லாக்கி,” என்றாள் கடைசியில். “உன்ன நான் கொலைகாரன்னு சொன்னேன்.”

“ஊரே கேக்கச் சொன்னே.”

“நான்தான் கொலைகாரி. ஊரக் கூட்டிச் சொல்றேன். நீ என்ன வேணா என்னத் திட்டிக்கோ. ஆனா எனக்கு ஆடு வேணும். எங்கேர்ந்தாவது வேணும்.”

அவன் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். பிறகு கொட்டகைக்குப் பின்பக்கம் கையைக் காட்டினான். அங்கே சின்னப் பட்டியில் பதினொரு கிழட்டுக் கிடாய்கள் நின்றன. பல் போனது, நொண்டி, ஒற்றைக்கண். எல்லாப் பண்ணையிலும் இப்படிச் சில நிற்கும். விற்க முடியாது, மாதத்துக்கு ஒன்றாக அறுத்து நாய்களுக்குப் போடுவோம்.

“நாய்க்கறிக்கு வெச்சது. அனுப்பல. மேட்டுக்கு இதுங்க போதும். நாய்ங்க கொஞ்ச நாளைக்கு வேற எதையாவது தின்னட்டும்.”

“வியாழக்கிழமை வரைக்கும் உத்தரவுலயே எடமிருக்கு,” என்றாள் வைமரி வேகமாக. “அதுக்குள்ள எழுதி மாத்தி வாங்குறது என் வேலை. ஆபீசுல போய்ப் படுத்தாவது வாங்குவேன்.”

“உள்ள இருக்கிற புல்லையும் மேயவிட்டா?” டெல்வின் எழுந்தாள். “அடியில எங்கயாவது செடி பாக்கி இருந்தா பூச்சி திரும்ப வருமா?”

“அது பறக்காது டெல்வின். தத்தித் தத்தித்தான் வரணும். பக்கத்துலதான் இருக்கு. வரலாம்.”

ஒரு மணிக்கு மறுபடியும் சரளைவெளி. வேலி பழுதுபார்க்கிற குறடு எப்போதும் பஸ்ஸில் கிடக்கும். டெல்வின் யாரையும் தொடவிடவில்லை. வெளிவேலி, மின்கம்பி, முயல்வலை, ஒவ்வொன்றாக அவளே வெட்டினாள். ஒவ்வொரு கம்பி தெறிக்கும்போதும் அவள் கண்ணை மூடிக்கொண்டதை வைமரி பார்த்தாள். வண்டி போகிற அகலத்துக்கு வழி திறந்ததும், வெட்டிய வலையைக் கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

லாக்கி தன் வண்டியில் ஏற்றிவந்த கிடாய்களை இறக்கிவிட்டு விசில் அடித்தான். அவன் நாய் பதினொன்றையும் மேட்டுப் பக்கமாகக் கொண்டுவந்து திறப்புக்கு நேரே திருப்பியது. எதிரே முழங்கால் உயரப் பச்சைப்புல். பசித்த ஆட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பத்தடி தூரத்தில் முன்னால் வந்த கிடாய் பிரேக் போட்டு நின்றது. முன்னங்காலால் தரையைத் தட்டியது. நாய் நெருக்கியதும் கூட்டம் இரண்டாகப் பிளந்து நாயைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே ஓடியது.

“வாங்கப்பா, வாங்க, வாங்க,” என்று டெல்வின் குழைந்தாள்.

இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை ஒற்றைக்கண் கிடாய் அவளைப் பார்த்ததும் திரும்பி மேட்டையே தாண்டி ஓடியது.

“இதுங்களுக்கு என்ன கேடு? புல்லு வேணாமா?”

லாக்கி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அவனுக்கே தயக்கம்.

“நீ நகரணும் டெல்வின்.”

“நான் என்ன பண்ணேன்?”

“பண்ணாம என்ன? வேலிகிட்ட மூக்க நீட்டின ஆட்டையெல்லாம் தினமும் ரெண்டு வேளை ஹாரன் அடிச்சுக் கல்லால அடிச்சுத் துரத்தினது யாரு? இதுங்க கிழம், எட்டு வயசு. குட்டியா இருந்த நாள்லேர்ந்து உன்னத் தெரியும்.”

அவள் சுருட்டிய வலையைக் கீழே வைத்துவிட்டு இருபதடி தள்ளிப் போனாள். கிடாய்கள் அவளையே பார்த்தன. சாலைவரை போனாள். பார்த்தன. பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

“பஸ்ஸையும் எடுத்துட்டுப் போயிடு,” என்று லாக்கி கத்தினான். “அதத்தான் முறைக்குதுங்க.”

“ஒரே ஒரு ஆடு உள்ள போறதப் பாத்துட்டுப் போயிடுறேன் லாக்கி! ஒண்ணே ஒண்ணு!”

“நீ இருக்கிறவரைக்கும் போகாது.”

டெல்வின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்ப மூன்று தடவை ஆயிற்று. கண்ணாடி வழியாகக்கூடப் பின்னால் பார்க்காமல், ஊர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள்.

பஸ் வளைவில் மறைந்து, தூசி அடங்கி, எஞ்சின் சத்தம் சுத்தமாக நின்ற பிறகுதான் ஆடுகள் உள்ளே போயின என்று வைமரி மறுநாள் எங்களிடம் சொன்னாள். டெல்வின் கூடவே நின்று கேட்டாள். எப்படிப் போயின, வரிசையாகவா, எந்தப் பக்கம் முதலில் மேய்ந்தன என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் யாரும் அன்றைக்குக் கேலி செய்யவில்லை.